டிராஃப்டில் அரைக் கிலோ வெங்காயம்

மே 4, ஞாயிறு

ஆலயத்தில் இன்று பிரசங்கம் நீண்டுவிட்டது. முடிந்து வருவதற்குள் கறிக்கடையில் நல்ல துண்டெல்லாம் போய், எலும்பும் கொழுப்பும்தான் மிச்சம். வாங்கி வந்தேன். பியூலா பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வேறு எதையோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

சாப்பாட்டின் நடுவில் வந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு மெயில் வேண்டுமாம்.

இந்த வீட்டில் மெயில் இல்லையா? இருக்கிறது. உப்புக் கம்பெனியில் நான் ஆபீஸ் மேனேஜர் ஆன வருஷம், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் பெயரில் தொடங்கியது. கரண்ட் பில், கேஸ், இன்ஷூரன்ஸ், மகள் ஷெரினின் காலேஜ் முதல் அவள் பெங்களூருக்குப் போன ரயில் டிக்கெட் வரை எல்லாம் அதில்தான் வருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு மெயில் போதாதா?

விஷயம் இதுதான். பியூலா பாடம் சொல்லிக்கொடுத்த நர்சரிப் பள்ளியைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். இப்போது கோத்தகிரியில் ஒரு விடுதிப் பள்ளியில் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வார்டன் வேண்டுமாம். ஒரு வருஷத்துக்கு. தங்குவதும் அங்கேயே. விண்ணப்பம் மெயிலில் போடவேண்டும். நான் சிரித்தேன். நாற்பத்தொன்பது வயதில் தூத்துக்குடியிலிருந்து மலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதிலும் மலை ஏறினால் எனக்குக் காது அடைக்கும்.

"உங்க காதையா கேக்காவ?" என்றாள்.

என் மெயிலிலேயே போடலாமே என்றேன். அதற்குப் பழைய கதையை எடுத்தாள். போன வருஷம் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றிலிருந்து அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டு வந்த மெயில், தேதி முடிந்த பிறகு அவள் கண்ணில் பட்டது. குப்பை மெயில் ஆயிரம் வருகிறது, எதைத்தான் பார்ப்பது? ஆனால் அவள் கட்சி வேறு. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்குமாம், படித்துவிட்டால் மெலிந்துவிடுமாம். அந்த மெயில் மெலிந்துதான் இருந்ததாம். கம்ப்யூட்டரில் அப்படி எத்தனையோ கோளாறு வரும். அதை நான் அன்றே விளக்கிவிட்டேன்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. எழுதி முடித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். மனிதனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் அல்லவா?

மே 5, திங்கள்

சரி, செய்வதென்று ஆகிவிட்டால் முறையாகச் செய்ய வேண்டும். எந்த மெயில் நல்லது என்று ஆபீஸில் கணக்கு பார்க்கும் செய்யதுவிடம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான்வே, ஒண்ணத் தொறந்து குடும்" என்றான். பொறுப்பில்லாத பதில். நானே உட்கார்ந்து ஆராய்ந்தேன். ஒன்று இலவசம், ஆனால் விளம்பரமாக வரும். ஒன்று மிகவும் பாதுகாப்பு, ஆனால் வருஷத்துக்குச் சந்தா. ஒன்றில் இடம் அதிகம். ஒன்று வெளிநாட்டில் பேர்போனது, நம் ஊரில் யாரிடமும் இல்லை. எல்லாவற்றையும் லோடு சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு எழுதி வந்தேன்.

பியூலா கட்டத்தைப் பார்த்தாள். எனக்கு வரப்போவது ஒரே ஒரு மெயில், அதற்கு எத்தனை ஏக்கர் இடம் வேண்டும் என்று கேட்டாள். பிறகு தன் போனில் ஏற்கெனவே இருக்கும் மெயில் படத்தைத் தொட்டுக் காட்டி, இதுவே போதும் என்றுவிட்டாள். பிரஷர் குக்கர் வாங்கியபோதும் இப்படித்தான். நான் ஆறு கடை ஏறி இறங்கினேன், அவள் முதல் கடையில் பார்த்ததை வாங்கினாள்.

கட்டத்தைக் கிழிக்கவில்லை. ஷெரினுக்குப் பயன்படும்.

மே 6, செவ்வாய்

மெயில் தொடங்கியாயிற்று. நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். அவள் கையெல்லாம் இட்லி மாவு.

முதலில் பெயர். வெறும் பியூலா கிடைக்கவில்லை. உலகத்தில் இத்தனை பியூலா இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பியூலா தனசிங் என்று என் பெயரையும் சேர்த்துப் போட்டேன், உடனே கிடைத்தது. "அது எப்படிக் கெடைக்காமப் போவும்? அத யாரு கேட்டா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவளுக்குப் பியூலா டீச்சர் என்றுதான் வேண்டுமாம். அதுவும் போய்விட்டிருந்தது. கடைசியில் பியூலா டீச்சர் தூத்துக்குடி. பஸ் போர்டு மாதிரி இருக்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

பிறந்த தேதி கேட்டது. வருஷத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்றேன். உள்ளது உள்ளபடி போடச் சொன்னாள்.

பாஸ்வேர்டு கேட்டது. நான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் பாஸ்வேர்டையே போட்டேன், ஷெரின் பெயரும் ஸ்கூட்டர் நம்பரும். மறக்காது. போன் நம்பர் கேட்டது, அதற்குத்தான் சரிபார்க்கும் எண் வரும். அவள் போன் சார்ஜில் கிடந்தது. என் நம்பரைக் கொடுத்தேன். எல்லாம் ஒரே வீடுதானே.

மே 7, புதன்

அனல். ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றினேன். மெயில் ஏதாவது வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

நேற்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். தானே எழுதி, தானே சான்றிதழ்களைப் படம் எடுத்து, தானே அனுப்பியிருக்கிறாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. காலையில் போனைப் பார்த்துச் சிரித்தாள். யார் என்றேன், ஷெரின் என்றாள். இருக்கலாம்.

ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தவனுக்கு அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு உண்டு. கம்பெனிக்குத் தண்ணீர் மோட்டார் மாட்டிவிட்டுப் போகிறவன்கூட ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறான். அந்த முறையில்தான் இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் மெயிலைத் திறந்தேன். நல்வரவு மெயில் ஒன்று, பள்ளியிலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒன்று. எதையும் தொடவில்லை. ஒழுங்காக ஓடுகிறது. மூடிவிட்டேன்.

மே 10, சனி

இன்று சாம்பார் ஊற்றும்போது பியூலா, "நேத்து பதினோரு மணிக்கு ஆபீஸ்ல வேலை ஒண்ணும் இல்லையோ?" என்று கேட்டாள். ஏன் என்றேன். சும்மா கேட்டேன் என்றாள். செய்யதுவின் மனைவியோடு இவளுக்குப் பழக்கம் உண்டு. அவன்தான் ஏதோ உளறியிருக்க வேண்டும். திங்கட்கிழமை கவனித்துக்கொள்கிறேன்.

மே 12, திங்கள்

செய்யது, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறான். நம்பினேன் என்று காட்டிக்கொண்டேன்.

மெயில் ஓட்டம் பார்த்தேன். புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் டிராஃப்டில், அதாவது எழுதி அனுப்பாமல் வைத்திருக்கும் பெட்டியில், ஒன்று இருந்தது. யாருக்கு என்று போடவில்லை. 'சின்ன வெங்காயம் அரைக் கிலோ' என்று மட்டும் எழுதியிருந்தது. பாவம், சாமான் எழுதி வைக்கும் இடம் என்று நினைத்துவிட்டாள் போல. மெயிலைப் பற்றி அவளுக்கு இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது.

வரும் வழியில் மார்க்கெட் இருந்ததால் அரைக் கிலோ வெங்காயம் வாங்கி வந்தேன். பியூலா ஆச்சரியமே படவில்லை. வாங்கி முறத்தில் கொட்டிக்கொண்டாள்.

மே 13, செவ்வாய்

டிராஃப்டில் இன்று: 'கறிவேப்பிலை. வெங்காயத்தில் ரெண்டு அழுகல்.'

சாமான் எழுதி வைக்கிறவர்கள் அழுகலை எதற்கு எழுத வேண்டும்? கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு செய்யதுவிடம், ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோல, ஒருவர் மெயிலை இன்னொருவர் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் தெரியுமா என்று கேட்டேன். "ஏன்வே, தொறந்த உடனே மெயிலுக்குச் சொந்தக்காரங்க கையில இருக்க போனுக்குத் தகவல் போவும். எந்த ஊரு, எத்தனை மணி எல்லாம் வரும். இதுகூடத் தெரியாத அந்த நண்பர் யாரு?" என்றான்.

உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வெயில் அப்படி.

கறிவேப்பிலை வாங்குவதா வேண்டாமா? வாங்கினால் பார்த்தேன் என்று ஆகிவிடும். வாங்காவிட்டால் நாளைக் குழம்பில் கறிவேப்பிலை இருக்காது. வாங்கினேன். வழியில் மலிவாகக் கிடைத்தது என்று சொன்னேன். கறிவேப்பிலையைப் போய் யாராவது மலிவு என்பார்களா? அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. அவள் ரொம்ப நல்லது என்றாள்.

மே 14, புதன்

இனி அதைத் திறக்கப்போவதில்லை. எனக்கு அதில் என்ன இருக்கிறது?

மே 15, வியாழன்

திறக்கவில்லை.

மே 16, வெள்ளி

இரண்டு நாள் திறக்காமல் இருந்ததால் ஏதாவது பழுதாகியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். டிராஃப்டில்: 'ரெண்டு நாளாக் காணுமே. உடம்புக்கு என்ன? பால் பாக்கெட் ரெண்டு.'

மாலை ஷெரின் வீடியோவில் வந்தாள். பெங்களூரில் மழையாம். பேச்சோடு பேச்சாக, "அப்பா, கறிவேப்பிலை அங்க மலிவாமே" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் பியூலா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எத்தனை தபால் நடக்கிறது பார்.

பால் இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

மே 19, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரைக்குத் திறந்தேன், சாமான் ஏதாவது உண்டா என்று பார்க்க. டிராஃப்ட் காலி. ஆனால் மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது. கோத்தகிரிப் பள்ளியிலிருந்து. திறக்காமலே பாதி படிக்க முடிந்தது. நாளை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல், வருகிறேன் என்று இன்று மாலை நான்கு மணிக்குள் பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

தடித்த எழுத்தில் இருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

பார்க்கவும் முடியாது. இந்த வாரம் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் டீச்சர்மார் போனை நோண்டக் கூடாது என்று இவளே சட்டம் போட்டு, எல்லார் போனையும் வாங்கி அலமாரியில் பூட்டியிருக்கிறாள். முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பாஸ்டர் அம்மாவைப் பார்க்கப் போகிறாள். வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் விஷயம். மெயிலைத் திறக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மூடிவிட்டு லோடு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நான்கு மணி தானாகத் தாண்டிவிடும். தடித்த எழுத்து தடித்தபடியே இருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

பயமாக இருந்தது. இதைப் படிக்க யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். காலையில் எழுந்து காப்பி கேட்க ஆள் இல்லாத வீட்டை நினைத்தேன். காப்பிகூட வேண்டாம். சட்டை பட்டன் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லாத வீடு.

போன வருஷத்து மெயிலும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தொப்பி எடுக்க மறந்து ஸ்கூட்டரை எடுத்தேன். உச்சி வெயில். ஆலயத்தில் ஒரே இரைச்சல், பிள்ளைகள் கையைத் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் பியூலாவும் குதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்து ஓடி வந்தாள், ஷெரினுக்கு என்னமோ என்று நினைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒனக்கு மெயில் ஏதும் வந்திருக்குமோன்னு தோணிச்சு."

"தோணிச்சா?"

"ஆமா. நாலு மணிக்குள்ள பாத்தா நல்லதுன்னு தோணிச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிண்டலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சேலைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்தாள், அத்தனை பிள்ளைகள் முன்னாலும். பிறகு அலமாரிச் சாவியை எடுக்கப் போனாள்.

மே 20, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். நேர்காணலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லீவு கிடந்தது.

ஃபேன் சத்தம் கேட்கிறது என்று அணைக்கச் சொன்னாள். பின்னால் துணிக்கொடி தெரிகிறது என்றாள், போர்வையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றேன். படத்தில் சுவர் மாதிரி தெரிய வேண்டுமாம். போர்வைக்கு இந்தப் பக்கம் நானும் துணிகளும். அசையக் கூடாது, இருமக் கூடாது. மேனேஜர் தனசிங்கை இந்த நிலையில் ஆபீஸில் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், இரவில் அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அழுகிற பிள்ளையிடம் எதற்கு அழுகிறாய் என்று கேட்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிட வேண்டும், தானே சொல்லும் என்றாள். இத்தனை வருஷத்தில் இவள் இப்படிக் கோர்வையாகப் பேசி நான் கேட்டதில்லை. பேச விட்டிருக்கிறேனா என்று ஒரு யோசனை வந்தது. கை வலியில் அது போய்விட்டது.

கடைசியில் தலைமையாசிரியை, வீட்டில் சம்மதமா என்று கேட்டார்.

"மெயில் வந்ததச் சொன்னதே எங்க வீட்டுக்காரர்தான் மேடம்" என்றாள் பியூலா.

போர்வை கொஞ்சம் ஆடியது. காற்று.

மே 21, புதன்

இரண்டு கையும் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்டாள். மெயில் திறக்கவில்லை. மவுஸைப் பிடித்தாலே தோள் இழுக்கிறது.

மே 23, வெள்ளி

டிராஃப்டில் இன்று சாமான் இல்லை. இப்படி இருந்தது, அப்படியே எழுதி வைக்கிறேன்:

'வேலை கெடச்சிருக்கு. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். இத வாயால சொன்னா நீங்க சிரிச்சிருவீங்க, நானும் ஒண்ணுமில்லன்னு எந்திச்சுப் போயிருவேன். அதனால இங்க எழுதுதேன். எனக்குப் போவணும். உங்க மேல கோவம் ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் என்னையும் நாலு பேரு டீச்சர்னு கூப்பிடணும், குளுருல போர்வை போத்திக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான். நீங்க என்ன சொல்லுதீங்க?'

மூன்று தடவை படித்தேன். செய்யது சாப்பிடக் கூப்பிட்டான், பசி இல்லை என்றேன்.

அதிலேயே கீழே எழுதலாம் போலத் தெரிந்தது. எழுதினால் இத்தனை நாளும் பார்த்தேன் என்று எழுத்தில் கொடுத்த மாதிரி. இனி என்ன மறைவு? எழுதிப் பார்த்தேன். 'யோசிக்க வேண்டும்' என்று எழுதி அழித்தேன். 'உன் இஷ்டம்' என்று எழுதினேன், அது கோபமாகத் தெரிந்தது, அழித்தேன். கடைசியில் 'எனக்கு ரசம் வைக்கத் தெரியாது' என்று எழுதிவிட்டு மூடிவிட்டேன். எதற்கு அதை எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை.

வீட்டில் இருவரும் வானிலை பற்றிப் பேசினோம்.

மே 24, சனி

என் வரிக்குக் கீழே: 'சொல்லித் தாரேன்.'

நான் எழுதினேன்: 'கொண்டுவிட வரணும்னா மலை ஏறணும். காது அடைக்கும்.'

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். 'பஞ்சு வச்சுக்கிடலாம்.'

அவள் வீட்டில் போனோடு உட்கார்ந்திருக்கிறாள், நான் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். பெண் பார்க்கப் போனபோது அவளோடு தனியாகப் பேச விடவில்லை. அப்போது பேசியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து இந்த டைரியை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அவள் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை, உள்ளே என்ன எழுதுகிறீர்கள் என்றும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மே 25, ஞாயிறு

ஆலயம். நல்ல கறி கிடைத்தது. மாலையில் ரசம். புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, நுரை கூடி வரும்போது இறக்க வேண்டுமாம். நான் நுரை எங்கே என்று குனிந்து பார்ப்பதற்குள் கொதித்து வழிந்துவிட்டது. அவள் அடுப்பைத் துடைத்தாளே தவிர ஏசவில்லை.

மே 26, திங்கள்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது என் போன் அடித்தது. ஆறு இலக்க எண். 'பாஸ்வேர்டை மாற்றுவதற்கான எண் இது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருந்தது. பின்னாலேயே பியூலா கூப்பிட்டாள்.

"ஒரு நம்பர் வந்திருக்குமே."

எனக்குப் புரிந்துவிட்டது. ஷெரின் பெயரையும் ஸ்கூட்டர் நம்பரையும் எடுத்துவிட்டு அவளுடைய சொந்தப் பாஸ்வேர்டு போடப்போகிறாள். கோத்தகிரிக்குப் பதில் போடுவதற்கு முன்னால் கதவைச் சாத்தப்போகிறாள். இனி டிராஃப்ட் இல்லை. வெங்காயம் அழுகல் என்று எனக்கு யாரும் எழுதப்போவதில்லை.

வரவில்லை என்று சொல்லலாம். சிக்னல் இல்லை என்று சொல்லலாம். எண் பத்து நிமிஷத்தில் செத்துவிடும். எதிரில் செய்யது உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான், பாங்கிலிருந்து யாராவது நம்பர் கேட்டால் கொடுத்துவிடாதே என்று தினமும் எனக்குப் பாடம் எடுக்கிறவன்.

"என்ன, வரலையா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"வந்திருக்கு, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆறு இலக்கத்தையும் வாசித்தேன். செய்யது பழத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கையை ஆட்டினான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

பியூலா எண்களைத் தட்டுவது கேட்டது.

"இனிம நீங்க உள்ள வர முடியாது" என்றாள்.

"தெரியும்."

"வரும்போது சின்ன வெங்காயம் அரைக் கிலோ. அழுகல் இல்லாமப் பாத்து."

அவ்வளவுதான் பேசினோம். வைத்த பிறகு கண்ணில் தூசி விழுந்துவிட்டது. உப்புக் கம்பெனியில் காற்றிலேயே உப்பு.

மாலையில் என் மெயிலில், விளம்பரங்களுக்கு நடுவே, தடித்த எழுத்தில் ஒன்று: பியூலா டீச்சர் தூத்துக்குடி. அவள் எனக்கு அனுப்பிய முதல் மெயில். 'ஜூன் எட்டாந்தேதி என்னக் கொண்டுவிட வரணும். பஞ்சு வாங்கியாச்சு.' கீழே கோத்தகிரிப் பள்ளிக்கு அவள் போட்ட பதிலையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

உடனே பதில் போட்டேன். வாரேன் என்று.

ஜூன் 8, ஞாயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். பஞ்சு வைத்தும் காது அடைத்தது. அதனால் வழியெல்லாம் அவள் பேசியது பாதி கேட்கவில்லை, தலையாட்டிக்கொண்டே வந்தேன். பள்ளி வாசலில் ஒரு சிறுமி ஓடி வந்து குட் ஈவினிங் டீச்சர் என்றாள். அது நன்றாகக் கேட்டது. பியூலாவின் முகத்தைப் பார்த்தேன். சரிதான், இதற்கு ஏறி வரலாம்.

ஜூன் 10, செவ்வாய்

வீடு. ரசம் வைத்தேன். நுரை வருவதற்கு முன்பே இறக்கிவிட்டேன். சுடுதண்ணீர் மாதிரி இருந்தது.

சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டே ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். மதியம் செய்யது சொன்னான்.

ஜூன் 11, புதன்

இன்று மாலை தனியாக உட்கார்ந்து பயறு ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆறு இலக்க எண். 'புதிய கம்ப்யூட்டரில் நுழைவதற்கான எண். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

பின்னாலேயே அவள். பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் திறக்கிறாளாம், பொதுக் கம்ப்யூட்டர் என்பதால் ஒவ்வொரு நாளும் கேட்குமாம். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. ரசம் வழிந்ததா என்றுதான் கேட்டாள். நேற்று வழியவில்லை, இறக்கிவிட்டேன் என்றேன். அப்படியானால் சுடுதண்ணீர் குடித்திருப்பீர்கள் என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டை மாற்றின அன்றே என் நம்பரையும் எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டிருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஒரு நிமிஷ வேலை.

"என் நம்பர மாத்த மறந்துட்டியோ?" என்றேன்.

"மறக்கல" என்றாள். பிறகு, "சொல்லுங்க, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கப் போவுது."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது, பிள்ளைகள் சத்தமும் கேட்டது. முதல் இலக்கத்தைச் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டாயா என்று கேட்டேன். எழுதிக்கொண்டேன் என்றாள். இரண்டாவதைச் சொன்னேன்.